பிலிம் போதாது, சிடியைக் கேட்டு வாங்குங்கள்

வீட்டில் பெரியவருக்கு மறதி அதிகமாகிறது என்று டாக்டரிடம் போனால், மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொல்வார். ஸ்கேன் சென்டரில் பெரிய கவரில் பிலிம்கள் தருவார்கள். கேட்டால் சிடியும் கிடைக்கும். பிலிமைப் பீரோவில் பத்திரப்படுத்துகிறோம். சிடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இது தலைகீழ் வழக்கம்.

பிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சிறு படங்கள். ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சிடியில் இருப்பவை அசல் டைகாம் பைல்கள். மறதி நோயில் ரத்தக் குழாய்களின் பங்கு எவ்வளவு என்பது இவற்றில்தான் தெளிவாகத் தெரியும். பிளேர் என்ற வகைப் படங்களில், நுண்ணிய குழாய்கள் கெட்டுப்போனதன் அடையாளம் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகிறது. எஸ்.டபிள்யூ.ஐ. படங்களில் பழைய நுண்கசிவுகள் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன.

இந்தப் புள்ளிகளை எண்ணுவது வெறும் கணக்கு அல்ல. அல்சைமருக்கான லெகானெமாப் மருந்து 2023ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்கக் கூடியது என்பதால், நான்குக்கு மேல் நுண்கசிவு உள்ளவர்களை அதன் முக்கியப் பரிசோதனையில் சேர்க்கவே இல்லை.

வெள்ளைத் திட்டுகளின் கதை வேறு. 2019ல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களுக்குச் சுமார் நான்கு ஆண்டுகளில் திட்டுகள் 0.92 கன செ.மீ. வளர்ந்தன. 140க்குக் கீழ் என்று இலக்கு வைத்தவர்களுக்கு 1.45. அரை கன செ.மீ. வித்தியாசத்தைப் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? பழைய ஸ்கேன், புதிய ஸ்கேன் இரண்டின் பைல்களும் வேண்டும். சிடி தொலைந்தால் ஒப்பிடப் பழையது இல்லை.

புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் இல்லை. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு, முழு சிடியையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். ஜேபெக் படங்களை மட்டும் எடுத்தால் பயனில்லை. மைக்ரோடிகாம், வெய்சிஸ் போன்ற இலவச சாப்ட்வேர்களில் திறந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு நீங்களே நோயை முடிவு செய்ய வேண்டாம். அறுபதைத் தாண்டிய பலருக்கு, எந்த மறதியும் இல்லாதபோதே, சில திட்டுகள் இருக்கும்.

ஏஐ தளத்தில் ஏற்றிக் கேட்கலாமே என்று சிலர் கிளம்புகிறார்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சொல்லும் பதிலை நம்பக் கூடாது. முழு பைலை ஏற்றினால் இன்னொரு வம்பு: டைகாம் பைலுக்குள் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் பெரும்பாலும் பதிந்திருக்கும்.

சிடிக்குப் பதில் சில சென்டர்கள் லிங்க் அனுப்புகின்றன. அது காலாவதியாகும் முன் டவுன்லோட் செய்து, போல்டருக்கு ஸ்கேன் எடுத்த தேதியைப் பெயராக வையுங்கள்.