வெள்ளைக்கு ஒரு லேயர் வேண்டாமே!

கணினியில் வாட்டர் கலர் வரைகிறவர்களைப் பற்றி ஊரில் இரண்டு கோஷ்டி உண்டு. "இதெல்லாம் ஓவியமே இல்லை, ஏமாற்று வேலை" என்பது ஒன்று. "நல்ல பிரஷ் நாலை டவுன்லோடு பண்ணினால் போதும், ஓவியர் ஆகிவிடலாம்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை.

முதலில் நம்ம நிலவரம். அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். தூத்துக்குடியில் பி.காம். படித்துக்கொண்டே வரைய ஆசைப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது நடக்கிற காரியமா? வாட்டர் கலருக்கான கனமான பருத்திக் காகிதமும் விலை அதிகம். கிரிட்டா என்கிற மென்பொருளோ இலவசம். ஆக, எங்களுக்கு வாத்தியாரே அதுதான். வாத்தியார் என்ன பழக்கத்தைக் கற்றுத் தருகிறார் என்பதில்தான் என் கவலை.

நம்ம உப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் உப்பு அம்பாரம் வரைபவர் வெள்ளைச் சாயத்தைத் தேடுவதில்லை. வானத்தையும் பாத்தியையும் தீட்டி, அம்பாரத்துக்கு இடம் விட்டுவிடுகிறார். வெறும் காகிதம்தான் அங்கே உப்பு. மற்ற இடங்களிலும், வெளிச்சம் மெல்லிய சாயத்துக்குள் புகுந்து, காகிதத்தில் பட்டுத் திரும்புவதால்தான் படம் பளிச்சென்று இருக்கிறது.

கணினியில் நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் தீட்டி முடித்துவிட்டு, மேலே ஒரு புது லேயர், வெள்ளை பிரஷ், வேலை முடிந்தது. அது வாட்டர் கலர் இல்லைங்க, போஸ்டர் கலர்! எந்த இடத்தை விடுவது என்று முன்கூட்டியே யோசிக்கிற பழக்கமே வராமல் போய்விடுகிறது.

இதற்கு மருந்தும் அதே மென்பொருளில் இருக்கிறது. லேயரின் கலப்பு முறையை 'மல்டிப்ளை' என்று மாற்றுங்கள். பெயருக்கு ஏற்றபடி அது பெருக்கல் கணக்கு. கறுப்பு 0, வெள்ளை 1. கீழே 0.8, மேலே 0.5 என்றால் விடை 0.4. சாயத்தின் மேல் சாயம் பூசினால் கறுப்பாகிக்கொண்டே போகுமே, அதேதான். வெள்ளையைப் பூசினால்? ஒன்றால் பெருக்கினால் எண் மாறுமா? கீழே இருக்கும் லேயரை வெள்ளையால் மறைக்கவே முடியாது. இடம் விட்டே ஆக வேண்டும்! மஞ்சள் லேயரின் மேல் வான்நீலத்தை வைத்தால் பச்சையும் கிடைக்கும்.

அதனால் முதல் கோஷ்டிக்கு என் பதில்: லேயர் ஏமாற்று வேலை அல்ல. காகிதத்தில் ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. இங்கே காயக் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இரண்டாம் கோஷ்டிக்கும் ஒன்று. ஈரமான சாயத்தின் மேல் கல்லுப்பைத் தூவினால், அது நீரை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். மென்பொருளில் 'உப்பு பிரஷ்' என்று வருபவை பெரும்பாலும் அந்தத் தடத்தின் அச்சு மட்டுமே. நீரின் ஓட்டத்தையே கணக்கிட்டு வாட்டர் கலரைக் காட்டும் ஆய்வை 1997-லேயே காசிடி கர்ட்டிஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டுவிட்டார்கள். ரெபெல் போன்ற மென்பொருள்கள் நீர் ஓடுவதையும் காட்டுகின்றன. ஆனாலும் உப்பை எப்போது தூவ வேண்டும், சாயம் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பது கை பழகித்தான் வரும். உப்புக்கா நம்ம ஊரில் பஞ்சம்? பள்ளிக்கூட வாட்டர் கலர் பெட்டியும் ஒரு பிடி உப்பும் போதும், ஒரு தடவை செய்து பாருங்கள்.

பிறகு கணினிக்கு வாருங்கள். மூன்றே லேயர், மூன்றும் மல்டிப்ளை, வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். வெள்ளை பிரஷ்ஷுக்கு லீவு. ஒரு மாதம் இப்படி வரைந்துவிட்டு, அப்புறம் சண்டைக்கு வாங்க!