உள்தெருவுக்கு எந்த நாள்?

வருசநாட்டு மலையில் மழை வலுத்தால் மூல வைகையில் தண்ணீர் வருமென்று நாம் மகிழ்கிறோம். ஆனால் மறுநாள் மண்ணும் சரளையும் அடித்துக் கிடக்கும் தெருவில் கடை திறக்கும் மளிகைக்காரருக்கு வேறு கவலை. தேனி ரோட்டில் லாரி வந்து சரக்கை இறக்கிவிடும். அங்கிருந்து நாற்பது அடி உள்ளே போக லோடு ஆட்டோ மறுக்கும். தலைச்சுமைக் கூலி யார் கணக்கில் ஏறும்? மொத்தக் கடைக்காரர் தர மாட்டார் (நாமும் அந்தக் கூட்டம்தான்), சில்லறைக் கடைக்காரரே சுமக்கிறார்.

பஸ் போகும் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, உள்தெரு ஊராட்சியுடையது. துறைக்கு ஆளும் வண்டியும் உண்டு. சிறு ஊராட்சியோ வாடகைக்கு ஜே.சி.பி. தேட வேண்டும். ஆம்புலன்சும் பஸ்ஸும் போக, பெரிய ரோட்டை முதலில் வழிப்பது நியாயமே. அதில் நமக்கு வருத்தமில்லை. நமது முறை எந்த நாள் என்று தெரியாததே வருத்தம். தெரிந்தால் கொள்முதலைத் தள்ளி வைக்கலாம், அழுகும் காய்கறியைக் குறைத்துப் போடலாம்.

பனி கொட்டும் ஊர்களிலும் இதே வழக்குத்தான். நம் தமிழர் ஏராளமாய்க் குடியிருக்கும் ஸ்கார்பரோவை உள்ளடக்கிய கனடாவின் டொராண்டோ நகரில், முதலில் பெரிய சாலைகளில் பனியை ஒதுக்குகிறார்கள். குடியிருப்புத் தெருவுக்கு 8 சென்டிமீட்டர் பனி சேர்ந்தால் வண்டி வரும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அங்கும் முணுமுணுப்பு உண்டு. ஒதுக்கிய பனி வீட்டு வாசலில் வரப்பாகக் குவிந்துவிடுமாம். நம் ஊரில் ஜே.சி.பி. சேற்றைத் தள்ளி வாசற்படியில் குவிக்கிறதே, அதே கதை! ஆயினும் வரிசையும் அளவும் எல்லோருக்கும் தெரியும். மாண்ட்ரியலில் பனியை அள்ளும் முன் சங்கு ஊதி, நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்காத காரை இழுத்துப் போய்விடுகிறார்கள்.

இதில் நமக்கும் வேலை உண்டு. வாசலில் அடுக்கிய காலிப் பெட்டி, குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள், ரோடு வரை நீட்டிய தகரப் பந்தல் இவை இருந்தால் எந்த வண்டி உள்ளே வரும்? முதல் நாள் மாலையே அவற்றை எடுத்து வைக்கச் சொல்லும் பொறுப்பைச் சங்கம் ஏற்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. எந்தத் தெரு முதலில், எது அடுத்து, அள்ளும் மண்ணை எங்கே கொட்டுவது, ஜே.சி.பி. வாடகை எந்த நிதியில் என்று தீர்மானம் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி அங்கே கேட்போம். கடைக்கு ஒருவராவது வந்து சேருங்கள்.