‘கற்பழிப்பு’ என்று எழுதலாமா?



2025ஆம் ஆண்டு மீண்டும் அகழப்பட்ட யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியொன்றைச் சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பிற்குக் கொண்டு வந்தாள். “ஐயா, கற்பழிப்பு என்றால் என்ன?” என்று கேட்டாள். பிறகு சொல்வதாக மழுப்பிவிட்டேன்.

செம்மணி வெளியுலகிற்குத் தெரிந்ததே ஒரு மாணவியின் வழக்கால்தான். சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் பயின்ற கிருசாந்தி குமாரசுவாமி 1996 செப்டம்பர் 7ஆம் நாள், நம் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு நிகரான உயர்தரத் தேர்வில் வேதியியல் தாளை எழுதிவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பினார். கைதடிச் சோதனைச் சாவடியில் படையினர் அவரைத் தடுத்து, வன்புணர்ந்து கொன்றனர். தேடிச் சென்ற தாயாரும் தம்பியும் அண்டைவீட்டாரும் கொல்லப்பட்டனர். அத்தாயாரும் நம்மைப் போல் பள்ளியில் பணியாற்றியவரே. 1998 ஜூலையில் கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, குற்றவாளிகளுள் ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார்.

கிருசாந்தியிடம் எதை அழித்தார்கள்? கற்பையா? குற்றம் ஒருவன் செய்ய, இழிவைப் பெண்ணின் தலையில் ஏற்றும் சொல் இது.

உலகச் சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே தடுமாறியது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, வன்புணர்வைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதலாகவே வகைப்படுத்தியது. ருவாண்டாவுக்கான அனைத்துலக நீதிமன்றம் அகாயேசு வழக்கில் 1998 செப்டம்பரில் அளித்த தீர்ப்பில்தான், அது இனப்படுகொலைச் செயலாகவும் அமையலாம் என்பது முதன்முறையாக உறுதியாயிற்று. அதே ஆண்டின் ரோம் சட்டம் அதனைப் போர்க்குற்றமெனப் பெயர் சொல்லிக் குறித்தது. அச்சட்டத்தில் இலங்கை சேரவில்லை. நம் மலேசியாவோ 2019 மார்ச்சில் சேர்ந்து, அடுத்த மாதமே விலகிக்கொண்டது. (இதனை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?)

இலங்கை பற்றிய ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை, தடுப்புக்காவலில் ஆண்களும் பாலியல் வன்முறைக்கு உள்ளானதைப் பதிவு செய்தது. அவர்களுக்கு நம் பழைய சொல் பொருந்துமா? பெயரே இல்லாத கொடுமையை அவர்கள் எவரிடம் முறையிடுவர்?

எனவே வகுப்பிலும் வீட்டிலும் ‘வன்புணர்வு’, ‘பாலியல் வன்முறை’ என்றே சொல்வோம். நாளிதழ் ஆசிரியர்களுக்கும் எழுதவிருக்கிறேன். அம்மாணவிக்கு இன்னும் விடை சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் தாயாரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.