சுருக்கம் தோலில் இல்லை

பெருநகரங்களின் வணிக வளாகங்களில் மருந்துக் கடைகளுக்கு அருகிலேயே ‘தோல் இறுக்கும்’ மையங்கள் முளைத்துவிட்டன. ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட், நூல் கோத்துத் தோலை இழுத்துக் கட்டுதல், போடாக்ஸ் ஊசி எனப் பட்டியல் நீள்கிறது. கட்டணத்துக்கு மாதத் தவணையும் உண்டு. இது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அந்த வாயிலில் தயங்கி நிற்பவர்களில் வரவேற்பாளரும் துணிக்கடை விற்பனைப் பெண்ணும் இருக்கிறார்கள். அவர்களை அங்கே நிறுத்துவது அழகின் மீதான ஆசை மட்டுமன்று. வேலை பறிபோகும் என்ற அச்சமும்தான்.

இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. பொதுத்துறை நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவின் விதிகளே விமானப் பணிப்பெண்களை 35 வயதில் ஓய்வுபெறச் செய்தன. நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தாலும், முதன்முறை கருவுற்றாலும் அதற்கு முன்பே வெளியேற வேண்டும். அதே விமானத்தில் பணியாற்றிய ஆண்களுக்கு ஓய்வு வயது 58. பெண்ணுக்குப் பணி நீட்டிப்பு தருவதோ நிர்வாக இயக்குநரின் விருப்பம். 1981ஆம் ஆண்டு நெர்கேஷ் மீர்சா வழக்கில் உச்சநீதிமன்றம் கருவுறுதல் விதியையும், இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் ரத்து செய்தது. ஆனால், ஆண் பெண் ஓய்வு வயது வேறுபாட்டைப் பாகுபாடு என்று அது ஏற்கவில்லை.

சந்தை இந்த அநீதியை எதிர்க்கவில்லை, விற்பனைச் சரக்காக்கியது. கறுத்த மகள் களிம்பு பூசிச் சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகித் தந்தையின் கவலையைத் தீர்ப்பதாகக் காட்டியது ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தொடர் போராட்டத்தையடுத்து 2003இல் அத்தகைய விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2020இல் களிம்பின் பெயரும் மாறியது. நிறத்தைக் காட்டி மிரட்டிய அதே சந்தை இன்று வயதைக் காட்டி மிரட்டுகிறது.

அறிவியல் சொல்வது எளிமையானது. தோலுக்கு உறுதி தருபவை கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள். வயது ஏற ஏற அவை குறைகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் புகைப்பழக்கமும் அச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரியது. களிம்பில் கலந்து பூசினால் தோலின் உள்ளடுக்கைச் சென்றடையாது. வெப்பமூட்டும் கருவிகள் ஓரளவு இறுக்கம் தரலாம்; அது நிலைப்பதில்லை. போடாக்ஸ் தோலை இறுக்குவதே இல்லை. தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைச் சில மாதங்கள் மறைக்கிறது. பயிற்சியற்றவர் கையில் இக்கருவிகள் தீக்காயத்தையும் நரம்புச் சேதத்தையும் விளைவிக்கக்கூடும்.

வெயிலே தோலைத் தளர்த்துகிறது என்றால், நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்படுபவர்கள் யார்? நாற்று நடும் பெண்கள், செங்கல் சூளைத் தொழிலாளிகள், கட்டடத்தில் சுமை தூக்குவோர். அவர்களுக்குத் தேவை நிழலும், குடிநீரும், நண்பகல் ஓய்வும். அவற்றில் இலாபம் இல்லை. எனவே விளம்பரமும் இல்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. விளம்பரத்தில் நடிக்கும் பிரபலங்களும் இதற்கு விலக்கல்லர். 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணிகள் விளம்பரச் சட்டத்தில் சிவப்பழகு, முன்கூட்டிய முதுமை ஆகியவற்றையும் சேர்க்கும் திருத்த வரைவை 2020இல் ஒன்றிய அரசு வெளியிட்டது. அந்த வரைவு கிடப்பில் கிடக்கிறது.

அந்தத் திருத்தம் நிறைவேற்றப்பட வேண்டும். தகுதிபெற்ற மருத்துவரின்றி இயங்கும் மையங்கள் மூடப்பட வேண்டும். ஆனால், இவை மட்டும் போதா. தனியார் துறையில் வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அத்தகைய சட்டத்தைக் கோருவது தொழிற்சங்கங்களின் கடமை. நாற்பது வயதிலும் தன் வேலை நிலைக்கும் என்ற உறுதி ஒரு பெண்ணுக்குக் கிடைக்குமானால், கண்ணாடியில் தெரியும் கோடுகள் அவளை அச்சுறுத்தமாட்டா.