உள்ளே சிவப்பு

ரொறன்ரோ நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரித்து, பாடசாலைப் புதினங்கள் கேட்டு, இறுதியில் ஒரு வினாவையும் தொடுத்திருந்தார். உணவகமொன்றில் தமக்கு ஸ்டேக்கும், நான்கு வயது மகனுக்குப் பேர்கரும் வரவழைத்தாராம். வெட்டிப் பார்த்தபோது இரண்டும் உள்ளே சிவந்திருந்தன. தம்முடையதை அவர் சுவைத்து உண்டார். பிள்ளையுடையதைத் தாயார் திருப்பி அனுப்பிவிட்டார். "இரண்டும் மாட்டிறைச்சி, இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை. எனக்கு ஆகுமெனில் அவனுக்கு ஏன் ஆகாது? சேர், நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

மரக்கறி உணவன்றி வேறறியாத ஒருவனிடம் இவ்வழக்கு வந்தது வேடிக்கையே. ஆயினும் ஈண்டு நாவுக்கு வேலையில்லை. கிருமிக்கும் வெப்பத்துக்குமிடையேதான் வழக்கு. ஆதலின் ஏற்றுக்கொண்டேன். தீர்ப்பையும் முதலிலேயே கூறிவிடுகிறேன்: வென்றவர் தாயாரே.

ஸ்டேக் என்பது முழுத்தசையிலிருந்து தடிப்பாக அரிந்தெடுத்த துண்டு. நலமான விலங்கின் தசையினுள்ளே பெரும்பாலும் கிருமி இராது. கொல்களத்தில் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் வந்து ஒட்டுபவை மேற்பரப்பிலேயே தங்கும். கொதிக்கும் இரும்புத் தட்டில் இருபுறமும் விளிம்புகளும் கருகுமளவுக்கு வாட்டினால் அவை மடிகின்றன. உள்ளே சிவந்திருப்பினும் அபாயம் மிகக் குறைவு. மேனாட்டார் அதனை அவ்வாறு விரும்புவதற்குக் காரணமும் உண்டு. வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியதும் தசைநார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. மிருதுவான துண்டு தோலைப்போலாகிவிடுகிறது. பிரெஞ்சு மக்கள் மிகக் குறைவாக வாட்டியதை 'நீலம்' என்றும், அதற்கடுத்த பக்குவத்தைக் 'குருதி வடிவது' என்றும் அழைப்பர். பெயர்தான் அச்சுறுத்துகிறது; தட்டில் வடிவது குருதியன்று, மயோகுளோபின் என்னும் தசைப்புரதம் கலந்த நீர். (வெளிப்புறத்தைக் கருக்கினால் சாறு உள்ளே அடைபட்டுவிடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் எழுதினார். அது பிழை. கருக்குவதாற் கிடைப்பது மணமும் சுவையுமே.)

பேர்கரோ அரைத்த இறைச்சி. மேற்பரப்பென்று நின்றது முழுவதும் பொறியினுட் புகுந்து நடுவுக்கு வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பெரிய ஆலைகளில் பல மாடுகளின் இறைச்சி ஒன்றாய்க் கலந்தே அரைபடும். ஒரு மாட்டிலிருந்த கிருமி எண்ணற்ற வடைகளுக்குப் பரவும். வெளியே எவ்வளவு கருக்கினாலும், உள்ளே சிவந்திருக்கும் பேர்கரின் நடுவில் அக்கிருமி உயிரோடிருக்கலாம்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. ஈ-கோலை ஓ157 என்னும் கிருமி மனிதருக்கு நோய் விளைவிப்பதென்பது 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரேகன், மிச்சிகன் மாநிலங்களில் பேர்கர் உண்டோர் நோயுற்றபோதே புலனாயிற்று. உலகம் விழித்தெழுந்தது 1993-இல். வொஷிங்டன் முதலாய நான்கு மாநிலங்களில் 'ஜாக் இன் த பொக்ஸ்' என்னும் உணவகத் தொடரின் பேர்கர்களால் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். பேர்கரின் நடு 155 பாகை பரனைற்றுக்கு, அதாவது ஏறத்தாழ 68 செல்சியசுக்கு, ஏறவேண்டுமென்று வொஷிங்டன் மாநிலம் அதற்கு முன்னரே விதித்திருந்தது. உணவகங்களோ 140 பாகை என்னும் பழைய அளவையே கைக்கொண்டிருந்தன. பதினைந்து பாகை வேறுபாடு!

இக்கிருமி விடும் நஞ்சு குடலைப் புண்ணாக்கிக் குருதிக் கழிச்சலை உண்டாக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுட் சிலருக்கு அது சிறுநீரகங்களையும் செயலிழக்கச் செய்யும். வளர்ந்தோர் பலர் சில நாளில் தேறிவிடுவர்; அதனால்தான் 'நான் எத்தனையோ முறை உண்டேன், எனக்கொன்றும் ஆகவில்லை' என்னும் தந்தையின் வாதம் மகனுக்குப் பொருந்துவதில்லை. 1993-இல் இறந்த குழந்தைகளுள் ஒன்று பேர்கரை உண்ணவேயில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பகல்நேரக் காப்பகத்தில், நோயுற்ற மற்றொரு பிள்ளையிடமிருந்து அதற்குத் தொற்றியது. தமக்குப் பிடித்த பக்குவத்தைத் தாம் உண்பதில் பிறருக்கு என்ன என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1994-இல் அமெரிக்க அரசு, அரைத்த மாட்டிறைச்சியில் இக்கிருமி காணப்படின் அது கலப்பட உணவே என்று அறிவித்தது. வணிகர்கள் வழக்குத் தொடுத்தனர். கிருமியைச் சமையலால் அழிக்கலாமே, பின் இறைச்சியின்மேற் குற்றமென்ன என்பது அவர்தம் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அரைகுறையாய் வெந்ததையே சரியாய் வெந்ததென்று கருதி உண்போர் அந்நாட்டிற் பலர் என்பதை அது காரணமாய்க் காட்டியது. நல்ல தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. மனிதர் உண்மையில் எவ்வாறு சமைக்கின்றனர் என்பதை நீதிபதி அறிந்திருந்தார்.

அப்படியாயின் சிவப்பு மறைந்து கபில நிறமானதும் இறக்கிவிடலாமா? அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மயோகுளோபின் நிறம் மாறுவது வெப்பத்தால் மட்டுமன்று. இறைச்சி காற்றுப்பட்டு நின்றதாயின், கிருமி சாகுமுன்னரே உட்புறம் கபில நிறமடைந்துவிடும். சில வேளைகளில், நன்றாய் வெந்த பின்னரும் இளஞ்சிவப்பு நீங்காது. கண் இங்கே நம்பத்தக்க சாட்சியன்று. வெப்பமானி ஒன்றே சாட்சி. அமெரிக்காவிலும் கனடாவிலும் அரைத்த மாட்டிறைச்சிக்கு விதித்த அளவு 71 செல்சியசு. பிரித்தானியர் 70 பாகையில் இரண்டு நிமிடம் நிற்கவேண்டுமென்பர். முழுத்துண்டு ஸ்டேக்குக்கு அமெரிக்க அரசு கூறுவது 63 பாகையும், இறக்கியபின் மூன்று நிமிட ஓய்வும். உணவகங்களில் அதனினும் குறைவாகவே பலர் கேட்டு உண்கின்றனர். அது வளர்ந்தவரின் விருப்பம்; நான் குறுக்கிடேன்.

ஒரு விலக்கை மட்டும் மாணவருக்கு அழுத்தி எழுதினேன். மலிவான ஸ்டேக் துண்டுகளை மிருதுவாக்கும்பொருட்டுச் சில ஆலைகளில் மெல்லிய கத்திகளாலும் ஊசிகளாலும் குத்துவர். மேலிருந்த கிருமி அத்துளைகள் வழியே உட்சென்றுவிடும். பின்னர் அதனை முழுத்துண்டென்று நம்புதல் பிழை. அமெரிக்காவில் 2016 முதல் அத்தகைய இறைச்சியின் முகப்புச் சீட்டில் அதனைக் குறிக்கவேண்டுமென்பது சட்டம். வாங்குமுன் படித்துப் பார்க்கலாம்.

வெப்பமானி வாங்கிவிட்டதாக அவர் மறுமொழி எழுதியிருக்கிறார். பேர்கரின் மேலிருந்து குத்தினால் முனை அடித்தட்டைத் தொட்டுவிடும். பக்கவாட்டிற் செருகி நடுவை எட்டச் செய்தல் வேண்டும். வேகாததைத் தொட்ட முனையை மறுமுறை செருகுமுன் சவர்க்கார நீராற் கழுவுதலும் வேண்டும். கருவி சரியானதோ என்று ஐயமெழுந்தால், பனிக்கட்டியை நொறுக்கி நிரப்பிய நீரில் முனையை அமிழ்த்திச் சிறிது நேரம் கலக்கிப் பார்க்கட்டும். முள் சுழியில் நிற்கவேண்டும்.