பியூஸ் கட்டையும் ஒரு சிறு கணக்கும்



நம் விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மைகளும் குவளைகளும் மட்டுமல்ல, மின்சாதனங்களுக்கான பீங்கான் பொருள்களும் வேகின்றன. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் பியூஸ் கட்டையின்மேல் அச்சமின்றிக் கை வைக்கிறோம். ஆனால் வீட்டைக் காப்பது கட்டையன்று; அதில் கட்டிய மெல்லிய கம்பியே. அது அடிக்கடி உருகுகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்; அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன். மின்தடைக்குரிய விதியை 1827-இல் நூலாக விளக்கியவர், கொலோன் நகரில் இயேசு சபையாரின் பழைய பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஓம்.

1000 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை சுமார் 53 ஓம். 5 ஆம்பியர் பியூஸ் இதைத் தாங்கும். அதே இணைப்பில் 1500 வாட் ஹீட்டரையும் சேர்த்தால் மின்னோட்டம் 11 ஆம்பியரை நெருங்கும். உரிய கம்பியாயின் சற்று நேரத்தில் உருகிவிடும். தடித்த கம்பியோ உருகாது. அந்த வெப்பத்தைச் சுவருக்குள் ஓடும் வயர் சுமக்கும்.

அரை ஓம் தடையுள்ள தளர்ந்த இணைப்பில் 5 ஆம்பியர் பாய்ந்தால் 12.5 வாட் வெப்பம். 10 ஆம்பியர் பாய்ந்தால் 50 வாட். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! தீ பிடிப்பது இவ்வாறே.

ஆகவே உருகிய கம்பியை நோகாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு கருவியைக் கழற்றிவிட்டு, உரிய கம்பியையே கட்டுங்கள். கருவியில் பொறித்துள்ள வாட்டை 230-ஆல் வகுக்க உங்கள் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்.