கோயில் செய்தியை எங்க போடுறது? புலனமா, டெலிகிராமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம கோயில் செயலவைக் கூட்டத்துல இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னாங்க. புலனக் குழுவை மூடிட்டு எல்லாரும் டெலிகிராமுக்குப் போயிடலாமாம்.

அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. புலனத்துல ஒரு குழுவுக்கு 1,024 பேர்தான். 2022க்கு முன்னாடி 256 பேர்தான். டெலிகிராம்ல 2 லட்சம் பேர் வரைக்கும் சேரலாம். நம்ம போன் நம்பரை மத்தவங்களுக்குத் தெரியாம மறைச்சும் வைக்கலாம். பெண் பிள்ளைங்களுக்கு இது முக்கியம், ஒத்துக்கிறேன்.

ஆனா "டெலிகிராம்தான் பாதுகாப்பு"ன்னு ஒரு தம்பி சொன்னதை நான் ஏத்துக்கல. புலனத்துல அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர நடுவுல யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி 2016லேயே பூட்டு போட்டுட்டாங்க. டெலிகிராம் குழுக்கள்ல அந்தப் பூட்டு கிடையாது.

அதுக்காக புலனத்தை மட்டும் நம்பி இருக்கலாம்னும் சொல்லல. 2021 அக்டோபர் 4ஆம் தேதி புலனம், முகநூல், இன்ஸ்டாகிராம் மூணும் ஒண்ணா நின்னு போச்சு, சுமார் 6 மணி நேரம். மூணும் ஒரே கம்பெனி. நம்ம நாட்டுல அப்ப நடுராத்திரி, அதனால நிறைய பேருக்குத் தெரியல. தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கிறவன் சொல்றேன், ஒரே மெஷினை நம்பி ஆர்டர் எடுக்கக் கூடாது.

இப்ப என் மனசுல இருக்கிறதைச் சொல்றேன். போன வருஷம் ஒரு அபிஷேக நேரத்தை முன்னாடி மாத்தினோம். முகநூல்ல மட்டும் போட்டேன். ஆமா, போட்டது நான்தான். பழைய தோட்டத்துல இருந்து ஒரு பாட்டி பேரனோட மோட்டார்ல பாலோட வந்து இறங்கினாங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு. "யாரும் சொல்லலையே ஐயா"ன்னாங்க. எனக்குப் பதில் வரல.

எந்தச் செயலி நல்லதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, மாறினா யாரெல்லாம் விட்டுப்போவாங்கன்னு பார்க்கணும். பாட்டிமாருங்க பலபேர் கையில ஹேண்ட்போன் இருக்கு, புலனத்துல வர்ற குரல்பதிவை அமுக்கிக் கேட்கத் தெரியும். இன்னொரு செயலின்னா பேரன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

என் கருத்து இதுதான்:

1. அறிவிப்புக்கு புலனமே இருக்கட்டும். நிர்வாகிகள் மட்டும் பதிவு போடணும். காலை வணக்கம் படம் வேண்டாம்.
2. தொண்டர் வேலைக்கு இளைஞர்கள் டெலிகிராம் வச்சுக்கட்டும்.
3. நேரம் மாறினா வாசல் பலகையில எழுதணும். தோட்டத்துக்கு ஒருத்தர் பொறுப்பெடுத்து போன் பண்ணணும்.
4. உபயக்காரங்க ஐசி நம்பர், பேங்க் ரசீதை எந்தக் குழுவுலயும் போடாதீங்க.

நம்ம ஊர் சாய்ந்த கோபுரத்துல ஒரு கடிகாரம் இருக்கு. யார் அண்ணாந்து பார்த்தாலும் ஒரே மணிதான். கோயில் செய்தியும் அப்படி இருக்கணும்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, கோபப்பட மாட்டேன். மூணாவது வேலைக்கு யார் வர்றீங்க, அதையும் சொல்லுங்க.

முருகன் துணை.